விருந்தினராக சென்செய் வரும்போது: ஐகிடோ முகாம் கேள்வி-பதில்

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவின் கோடை முகாம்களுக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கியதுமே வாசகர்களின் கேள்விகளும் குவிந்துவிட்டன. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்தே பதில் தருகிறேன்.

ஐகிடோவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் ஜப்பானிலிருந்து ஒரு ஷிஹான் (மூத்த ஆசிரியர்) வருகிறார். நான் போகலாமா, மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனா?

போங்கள். அனைத்து நிலையினருக்கும் என்று அறிவித்திருந்தால், அதில் நீங்களும் உண்டு. பெல்ட்டின் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உகேமி (அடிபடாமல் விழும் முறை) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முன்னாலும் பின்னாலும் உருண்டு, தலை பாயில் படாமல் எழ முடிகிறதா? பின்னால் விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டி, பார்வை உங்கள் பெல்ட்டின் முடிச்சிலேயே நிற்கிறதா? இவ்வளவு வந்தால் போதும். வணங்கியதுமே ஜோடியிடம் "நான் புதியவன், மெதுவாக" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மூத்த மாணவர் யாரும் அதைக் குறையாக நினைக்க மாட்டார்.

சென்செய் (ஆசிரியர்) ஒரு நுட்பத்தைச் சில தடவைதான் காட்டுவார். பிறகு ஆளுக்கு நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டும். அவர் காட்டும்போது முதல் தடவை கால்களை மட்டும் பாருங்கள். பின்னங்கால் எப்போது நகர்கிறது? முன்னங்கால் விரல்கள் எந்தத் திசையைக் காட்டுகின்றன? உகே (தாக்கிவிட்டு நுட்பத்தை ஏற்று விழுபவர்) மணிக்கட்டைப் பிடித்த பிறகு சென்செய் நகர்ந்தாரா, உகே பிடிக்க வரும்போதே நகர்ந்துவிட்டாரா? அடுத்த தடவை இடுப்பைப் பாருங்கள். கையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். புதியவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான், எழுந்து நின்றதும் எந்தக் காலை முன்வைப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

பாரிஸில் பயிற்சி செய்கிறேன். சென்ற முகாமுக்கு வந்தவர் இக்கியோவை (எதிராளியின் கையைக் கட்டுப்படுத்திக் கீழே இறக்கும் அடிப்படை நுட்பம்) எங்கள் ஆசிரியர் சொல்லித்தருவதற்கு நேர்மாறாகச் செய்தார். யார் செய்வது சரி?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வந்திருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன்.

ஐகிடோவைத் தோற்றுவித்த மோரிஹேய் உயேஷிபா 1883 முதல் 1969 வரை வாழ்ந்தவர். அவர் கற்பித்த காலம் நீண்டது. அந்தக் காலம் முழுவதும் அவருடைய கலையும் மாறிக்கொண்டே இருந்தது. 1932இல் அவரிடம் சேர்ந்த கோஸோ ஷியோடா பெற்றது போருக்கு முந்தைய, கடினமான, நேர்க்கோட்டு நுட்பம். பின்னாளில் அவர் தொடங்கிய யோஷின்கான் பள்ளியில் இன்றும் அதைக் காணலாம். 1942இல் உயேஷிபா இவாமா கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். 1946இல் அங்கே சேர்ந்த மோரிஹிரோ சைத்தோ, ஆசிரியர் மறையும் வரை அருகிலேயே இருந்து, வாளையும் கோலையும் வெறுங்கை நுட்பத்தோடு சேர்த்துக் கற்றார். ஹிரோஷி தாதா, நொபுயோஷி தாமுரா, யோஷிமிட்சு யமாதா ஆகியோர் 1950களில் தோக்கியோவிலுள்ள ஹோம்பு டோஜோவில் (தலைமைப் பயிற்சிக்கூடம்) வளர்ந்தவர்கள். 1964இல் தாதா இத்தாலிக்கும், தாமுரா பிரான்ஸுக்கும், யமாதா நியூயார்க்குக்கும் போனார்கள். ஒரு நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்களே இருந்ததால், ஊர் ஊராகப் போய் வார இறுதியில் வகுப்பெடுப்பதும் கோடையில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவதும் அவர்களுக்கு வழக்கமாயின. நீங்கள் இன்று போகும் முகாம்கள் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இப்போது உங்கள் இக்கியோவுக்கு வருவோம். ஷோமென்உச்சி (தலையை நோக்கி நேராக இறங்கும் அடி) இக்கியோவின் ஓமோதே (முன்பக்க) வடிவில், இவாமா வழியில் வந்தவர்கள் எதிராளி அடிக்கக் காத்திருப்பதில்லை. நாகே (நுட்பத்தைச் செய்பவர்) தானே முதலில் கையை முகத்தை நோக்கிச் செலுத்துவார், உகே அதைத் தடுக்கக் கையைத் தூக்குவார், அங்கிருந்து நுட்பம் தொடங்கும். ஹோம்பு வழியில் பெரும்பாலும் உகேதான் முதலில் அடிப்பார். அந்த அடி எழும்பும்போதே நாகே அதைச் சந்திப்பார். மணிக்கட்டுப் பிடியிலும் இதே வேறுபாடு உண்டு. இவாமாவில் முதலில் அசையாமல் இறுகப் பிடிக்கவைத்து, அங்கிருந்து நகர்வார்கள். மற்ற இடங்களில் பிடி விழும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். உங்கள் ஆசிரியர் ஒரு வழி, வந்தவர் இன்னொரு வழி என்றால் இரண்டும் நேர்மாறாகத் தெரிவதில் வியப்பில்லை. ஒரே கீர்த்தனை பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறாக ஒலிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரிய வேண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. கிறிஸ்தியான் திஸ்ஸியே 1969 முதல் 1976 வரை ஹோம்புவில் பயின்றவர்; செய்கோ யமாகுச்சியின் தாக்கம் அவரிடம் ஆழமானது. தாமுராவின் மாணவர்களும் திஸ்ஸியேயின் மாணவர்களும் ஒரே நாட்டில் வேறு வேறு வடிவத்தில் பயிற்சி செய்கிறார்கள். இரு தரப்பிலும் நல்லவர்களைப் பார்க்கலாம்.

ஆகவே, முகாமில் இருக்கும்வரை வந்தவர் காட்டியதை மட்டும் செய்யுங்கள். "எங்கள் டோஜோவில் இப்படி" என்று ஜோடிக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினால் அந்த இரண்டு நாளும் வீண். வீடு திரும்பியதும் உங்கள் ஆசிரியரின் வழிக்கே வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பு முடிந்த பிறகு அவரிடமே கேளுங்கள். அதை மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தால், குறை உங்களிடம் இல்லை.

ஷிஹோநாகே (கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்தும் நுட்பம்) செய்யும்போது அறிமுகமில்லாத ஒருவர் என் முழங்கையை வெளிப்பக்கமாக இழுத்துக் கீழே தள்ளினார். தோள் இன்னும் வலிக்கிறது. மெதுவாகச் செய்யச் சொல்லத் தயங்கினேன்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். தோள் தேறும்வரை பாயில் இறங்க வேண்டாம்.

முகாம்களில் நான் மிகவும் அஞ்சும் நுட்பம் இதுதான். உகேயின் கை அவருடைய தோளுக்குப் பின்னால் மடிந்திருக்கும். உருண்டு தப்பிக்க வழி இருக்காது. பின்மண்டைதான் முதலில் தரையில் மோதும். சரியாகச் செய்பவர் உகேயின் கையை அவருடைய தோளோடு ஒட்டியே மடக்கி, முதுகை ஒட்டி நேராகக் கீழே இறக்குவார். கை உடலைவிட்டு வெளியே போனால் பாரம் முழுவதும் முழங்கையிலும் தோளிலும் விழும். உகேயாக இருக்கும்போது முழங்கையை உங்கள் காதருகே வைத்துக்கொண்டு, நாகேயை விட்டு விலகாமல் நெருங்கியே நில்லுங்கள். முழங்காலைத் தாமதிக்காமல் மடியுங்கள். இழுப்பு தப்பாக இருப்பது தெரிந்த கணமே, விடுபட்ட கையால் உங்கள் தொடையையோ பாயையோ தட்டுங்கள். தட்டியும் விடாதவரோடு தொடர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வணங்கிவிட்டு ஓரமாகப் போய் உட்காருங்கள். பிறகு ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அடுத்தவர் தப்பிப்பார்.

ஒரு வாசகி, உடல் பெரிதான ஆண்கள் பிடியை இறுக்கி அசையவே விடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். அடுத்து என்ன நுட்பம் வரும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் தடுப்பது வலிமை ஆகாது. "கொஞ்சம் தளர்த்துங்கள், அசைவைப் பழகிக்கொள்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அடுத்த நுட்பத்துக்கு வேறு ஜோடியைத் தேடிக்கொள்ளுங்கள்.

முகாமில் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் பயிற்சி. முழங்காலும் கால்விரல்களும் தாங்குமா?

முழங்காலிட்டுச் செய்யும் சுவாரிவாசாதான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஹகாமாவுக்குள் (பாவாடை போன்ற அகன்ற கால்சட்டை) மெல்லிய முழங்கால் உறை அணிவதில் தவறில்லை. பெருவிரலின் அடியில் தோல் உரிவதற்கு முன்பே டேப் சுற்றிவிடுங்கள். முட்டி கெட்டவர்கள் தொடக்கத்திலேயே சென்செய்யிடம் சொல்லிவிட்டு நின்றபடி செய்யலாம். வீம்புக்கு உட்கார வேண்டாம்.

முகாம் முடிவில் 'தான்' (கருப்பு பெல்ட் படிநிலை) தேர்வும் வைக்கிறார்கள். அதற்காகவே போகலாமா?

ஹோம்பு டோஜோவை நடத்தும் ஐகிகாய் அமைப்பின் விதிப்படி ஷோதானிலிருந்து (முதல் தான்) நிதானுக்கு (இரண்டாம் தான்) ஓராண்டும் 200 நாள் பயிற்சியும் வேண்டும். சந்தானுக்கு (மூன்றாம் தான்) மேலும் இரண்டு ஆண்டும் 300 நாளும். யோந்தானுக்கு (நான்காம் தான்) மூன்று ஆண்டும் 400 நாளும். நாட்டு அமைப்புகள் இதற்கு மேலும் நிபந்தனை வைக்கலாம். இந்த நாட்கள் உங்கள் டோஜோவில் சேர வேண்டியவை. தேர்வு நாளன்று மட்டும் தலைகாட்டுபவரை எந்த ஷிஹானும் இரண்டே நிமிடத்தில் கண்டுகொள்வார்.

தோக்கியோவுக்கு இரண்டு வாரம் போகிறேன். அங்கே முகாம் எதுவும் இல்லையாமே?

ஹோம்பு டோஜோவே தினமும் முகாம் மாதிரிதான். ஷின்ஜுகுவில் இருக்கிறது. உறுப்பினர் பதிவு செய்து கட்டணம் செலுத்தினால் வகுப்புகளில் சேரலாம். காலை 6:30 வகுப்பை டோஷுவே (ஐகிகாயின் தலைமை ஆசிரியர்) நடத்துவது நெடுநாள் வழக்கம். இன்றைய டோஷு மோரிதேரு உயேஷிபா, தோற்றுவித்தவரின் பேரன். அதன் பின் ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு வேறு ஆசிரியர் வருவார். எல்லோரிடமும் ஒவ்வொரு வகுப்பு என்று அலைய வேண்டாம். இருவரைத் தேர்ந்தெடுத்து அவர்களிடமே திரும்பத் திரும்பப் போங்கள். தேதியை மாற்ற முடியுமானால் ஜனவரியின் குளிர்காலப் பயிற்சியோ ஜூலையின் வெயில்காலப் பயிற்சியோ நடக்கும் சமயத்தில் போங்கள். ஏப்ரல் இறுதியில் இருந்தால், 29ஆம் தேதி இவாமாவின் ஐகி ஆலய விழாவைத் தவறவிடாதீர்கள்.

பொக்கென் (மரவாள்), ஜோ (கோல்) இரண்டும் பெட்டியோடு சரக்கில்தான் போக வேண்டும். கையில் எடுத்துப் போக விடமாட்டார்கள். ஜோவின் நீளம் ஏறக்குறைய 128 செ.மீ. என்பதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் இருபது பேர் கொண்ட சிறிய குழு. ஒரு ஷிஹானை அழைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு ஜோடிக்கு, இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள பாய்கள் குறைந்தது மூன்று வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், வரவு பார்த்து முகாமைக் கெடுத்ததாகிவிடும். பதிவு எண்ணிக்கையைப் பாய்களை அளந்து முடிவு செய்யுங்கள்.

அழைப்பு உங்கள் அமைப்பின் வழியாகவே போகட்டும். வருபவர் எந்த நிலையினருக்கு வகுப்பெடுக்கப் போகிறார் என்பதை முன்பே எழுதித் தெரிவியுங்கள். விமானத்தில் இறங்கிய அன்றே வகுப்பு வைக்காதீர்கள். வயதான ஆசிரியரை ஒவ்வொரு இரவும் விருந்துக்கு இழுக்காதீர்கள். முதல் நாள் ஒருமுறை போதும். மொழிபெயர்ப்பவர் ஐகிடோ தெரிந்தவராக இருக்கட்டும். இடுப்பையும் தோளையும் குழப்பிவிட்டால் வகுப்பே திசை மாறும். உகேயாக யாரை அழைப்பது என்பதை அவரே முடிவு செய்வார்; உங்களில் நன்றாக விழுபவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதலுதவி தெரிந்த ஒருவர், ஐஸ், அருகிலுள்ள மருத்துவமனையின் எண் ஆகியவை பாயருகே இருக்க வேண்டும். கௌரவத் தொகையை உறையில் இட்டு, முகாம் முடிந்த அன்றே இரு கைகளாலும் கொடுங்கள். கட்டணம் வசூலாகி முடியவில்லை என்று அவரைக் காக்கவைக்காதீர்கள்.