அப்பாவுக்கு எதிராகப் பேசுவதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். இந்த ஆண்டு வகுப்பில் முறையான விவாதப் பயிற்சியைத் தொடங்கினேன். ‘மீன்பிடித் தடைக்காலத்தை நீட்டிக்க வேண்டும்’ என்று தலைப்புக் கொடுத்து, சீட்டுக் குலுக்கி அணி பிரித்தேன். விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்து மாணவி ஒருத்திக்கு ஆதரவு அணி வந்தது. ‘அப்பாவுக்கு எதிராக எப்படிப் பேசுவது மிஸ்?’ என்று அழுதுவிட்டாள். நம்பாததைப் பேச வைப்பது பொய்க்குப் பழக்குவது ஆகாதா? மற்ற மாணவிகளோ எழுதி மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கிறார்கள். எதிரணிக்கு யாரும் பதில் சொல்வதே இல்லை. ஆங்கிலம் போதாததுதான் காரணமா?

ஓர் ஆசிரியை, மண்டபம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பொய்க்குப் பழக்குவது ஆகாது. சீட்டில் வந்த பக்கத்தைத்தான் அவள் பேசுகிறாள் என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும்; அங்கே ஏமாறுபவர் யாரும் இல்லை. பள்ளி மாணவர்களுக்கான உலக விவாதப் போட்டிகளிலும் எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பொதுவாக மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆனாலும் அந்தப் பெண்ணின் அழுகையை நான் சிறிதாக நினைக்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. நீட்டிப்பு என்பது அவள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்ட காரியம். அதே வகுப்பில் நாட்டுப்படகுக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி வராத நாட்களில்தான் எங்கள் வலை அறுபடாமல் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடே இந்த இரு தரப்பின் சண்டையிலிருந்து பிறந்ததுதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நீங்கள் இந்தத் தலைப்பை வைத்திருக்கிறீர்கள்.

அதற்காகத் தலைப்பை மாற்றிவிடாதீர்கள். கைபேசி நன்மையா தீமையா என்று எல்லாப் பள்ளிகளிலும் ஓடும் தலைப்புகளைவிட இது எவ்வளவோ மேல். உங்களைவிட உங்கள் மாணவிகளுக்கு அதிகம் தெரிந்த விஷயம் இது. ஆங்கில வகுப்பில் அப்படி ஒன்று அமைவது அபூர்வம். அவளை மட்டும் தனியே நிறுத்தாமல், எல்லோரும் இரண்டு பக்கமும் பேசும்படி வையுங்கள். திங்கட்கிழமை ஆதரவு என்றால் வியாழக்கிழமை எதிர்ப்பு. வீட்டிலும் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். மீன் முட்டையிடும் காலம், கடலுக்கு ஓய்வு வேண்டும் என்ற வாதங்களையெல்லாம் அவளுடைய அப்பா கூட்டங்களில் பலமுறை கேட்டிருப்பார். அவற்றை அவளே முழு மூச்சாகப் பேசிப் பார்த்துவிட்டால், அந்த வீட்டிலிருந்து வரக்கூடிய மிகச் சிறந்த பதில் அவளுடையதாகத்தான் இருக்கும்.

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த ஒப்பித்தல்தான். ஆங்கிலம் போதாதது அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்ப் பேச்சுப்போட்டிகளிலும் நம் பிள்ளைகள் இப்படித்தான் ஒப்பிக்கிறார்கள். எதிராளியே இல்லாத பேச்சுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டோம். வாதிடும் முறை நமக்குப் புதிதும் அல்ல. நன்னூலில் பவணந்தி முனிவர் ‘மதம்’, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கருத்து நிலை, ஏழு என்று வகுக்கிறார். உடன்படல், மறுத்தல் என்ற இரண்டையும் சொன்ன கையோடு ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவே’ என்கிறார். அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று, பிறகு அதை நீக்குவது.

இதையே வகுப்பில் விதியாக்குங்கள். பேச எழும் மாணவி எதிரணி சொன்ன ஒரு கருத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். எதிரணி ‘ஆம், அதைத்தான் சொன்னோம்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். காது கொடுத்துக் கேட்காதவளால் அந்த முதல் வாக்கியத்தைக்கூடச் சொல்ல முடியாது. இலக்கணப் பயிற்சியில் ‘ஆல்தோ’ (although) போட்டு நிரப்பிய வாக்கியமும் அப்போதுதான் தேவை கருதி வாய்க்கு வரும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை விவாதத்தில் தலைப்பு அறிவித்த பிறகு 15 நிமிடம்தான் தயாரிப்பு. ஏழு நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக மற்ற நேரத்தில் எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதை ஏற்பதும் ஏற்காததும் பேசுபவரின் உரிமை. உங்கள் மாணவிகளுக்கு மூன்று நிமிடப் பேச்சு போதும். நடு நிமிடத்தைக் கேள்விக்குத் திறந்துவிடுங்கள். எந்தக் கேள்வி வரும் என்று தெரியாதபோது பதிலை எழுதிவைத்து மனப்பாடம் செய்ய முடியாது. தயாரிப்பு நேரம் முழுவதும் அவர்கள் தமிழிலேயே கலந்து பேசட்டும். யோசனை முதலில் தெளிவாகட்டும். கையில் இருக்கும் தாளில் முழு வாக்கியம் கூடாது. டீசல், கடன், நிவாரணம் என்று சொற்கள் மட்டும் இருக்கலாம். பேச்சின் நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழுந்தால் தயவுசெய்து நிறுத்தித் திருத்தாதீர்கள்.

உச்சரிப்புக்கு இந்த ஆண்டு மதிப்பெண் வேண்டாம். வென்ற அணியை அறிவிக்கும் முன், கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பதில் வராமல் நின்ற கேள்வி எது என்று கேளுங்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, அடுத்த விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்