வாங்கிய கம்பெனி, வாங்கிய கடன்

கேள்வி: பெரிய தொழில் குழுமம் ஒன்று வருடத்துக்கு நாலைந்து கம்பெனிகளை வாங்கிப் போடுகிறது. என் ஓய்வூதியப் பணத்தில் அதன் பங்குகளை வாங்கச் சொல்கிறான் மகன். கடன் அதிகம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கடன் வாங்காமல் யார் வளர்ந்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

பதில்: கடன் வாங்காமல் யாரும் வளரவில்லை, சரி. ஆனால் கடன் வாங்கி ஃபேக்டரி கட்டுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கிற ஃபேக்டரியைக் கடனில் வாங்குவது வேறு. இரண்டாவதில் கையெழுத்துப் போட்ட மறுநாளே விற்பனைக் கணக்கு பெருத்துத் தெரியும். நாட்டில் ஒரு மூட்டை சிமென்ட்கூடக் கூடுதலாக உற்பத்தியாகியிருக்காது. வட்டி மட்டும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததையே சொல்கிறேன். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி வைத்திருந்த ஒருவர், பேங்க் கடனில் இன்னும் இரண்டை வாங்கினார். குன்னூர் ஏலத்தில் தூளுக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. விலை இறங்கியபோது பேங்க் தவணையை நிறுத்த முடியவில்லை. இலைக் காசைத்தான் நிறுத்தினார். என் அத்தைக்கு அரை ஏக்கர் தோட்டம். அவருடைய இலைக் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன். தேதி, கிலோ, தேதி, கிலோ என்று நான்கு மாதத்துக்கு ஓடுகிறது. தொகை எழுதும் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. கடைசியில் மூன்று ஃபேக்டரியும் மூடப்பட்டன. லாபத்தில் ஓடிய முதல் ஃபேக்டரியும் தப்பவில்லை. மற்ற இரண்டுக்கும் அதைத்தானே ஈடு காட்டியிருந்தார்!

பெரிய குழுமங்களிலும் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஒரு கம்பெனியின் பங்கை அடகு வைத்து இன்னொன்றை வாங்குகிறார்கள். பங்கு விலை சரிந்தால், 'இன்னும் பங்கு கொடு, இல்லையென்றால் பணத்தைக் கட்டு' என்பார் கடன் கொடுத்தவர். அப்புறம், ஓரிரு வருடத்தில் திருப்ப வேண்டிய இடைக்காலக் கடனைப் போட்டு, இருபது வருடத்தில் பணம் தரும் சொத்தை வாங்குகிறார்கள். நடுவில் புதுக் கடன் கிடைத்தால்தான் பழையதை அடைக்க முடியும்.

அதானி குழுமம் 2022-ல் அம்புஜா, ஏசிசி சிமென்ட் கம்பெனிகளை வெளிநாட்டு பேங்குகளின் பெருங்கடனோடு வாங்கியது. 2023 ஜனவரியில், குழுமம் பங்கு விலையிலும் கணக்கிலும் தில்லுமுல்லு செய்கிறது என்று குற்றம்சாட்டி அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனத்தின் அறிக்கை வந்தது, பங்குகள் சரிந்தன. முழுக்க விற்றுத் தீர்ந்த 20,000 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டையே குழுமம் திரும்பப் பெற்றது. பங்கு ஈட்டுக் கடனில் 111 கோடி டாலரைத் தவணைக்கு முன்பே கட்டியது. மார்ச்சில் 15,446 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்க ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் முன்வந்தது. குழுமம் தாக்குப்பிடித்தது. சீனாவின் ஹெச்என்ஏ குழுமத்தால் முடியவில்லை. ஹைனான் தீவில் விமானம் ஓட்டத் தொடங்கி, ஹில்டன் ஹோட்டல்களில் கால் பங்கு, டாயிட்ச பேங்கில் ஏறக்குறைய 10 சதவீதம் என்று 4,000 கோடி டாலருக்கு மேல் கொட்டி வாங்கியது. 2021-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது.

ஒரே வீட்டில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2000-ல் டாடா டீ தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் டீ கம்பெனி டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதிலும் பெரும்பகுதி கடன்தான். ஆனால் அந்தக் கடன் இங்கிலாந்தில் தனியாகத் தொடங்கிய நிறுவனத்தின் தலையில் நின்றது, டாடா டீயின் கழுத்துக்கு வரவில்லை. டீத்தூள் தினமும் விற்கிற சரக்கு, வட்டிக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. 2007-ல் டாடா ஸ்டீல், பிரிட்டன்-நெதர்லாந்து உருக்குக் கம்பெனியான கோரஸை வாங்கிய கதை வேறு. பங்குக்கு 455 பென்ஸில் ஆரம்பித்த பேரம், பிரேசில் போட்டியாளரோடு ஏலமாகி 608 பென்ஸில் முடிந்தது. மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர். அடுத்த வருடமே உலகப் பொருளாதாரம் படுத்தது, உருக்கு விலையும் கூடவே விழுந்தது. 2024-ல், கோரஸோடு வந்த வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலையில் இரும்பு உருக்கும் கடைசி இரண்டு ஊதுலைகளும் அணைக்கப்பட்டன. கடன் மட்டுமே காரணமில்லை. ஆனால் உச்ச விலைக்கு வாங்கியவருக்கு, சரக்கு விலை இறங்கும்போது மூச்சுவிட இடமிருக்காது. ஏலத்தில் ஜெயித்தவரைக் கொண்டாடியதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் மகனிடம் அந்தக் குழுமத்தின் கணக்கை எடுத்துவரச் சொல்லுங்கள். நிறுவனர் குடும்பத்தின் பங்கில் எத்தனை சதவீதம் அடகில் இருக்கிறது? அடுத்த 12 மாதத்தில் திருப்ப வேண்டிய கடன் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு? வட்டி கட்டுவதற்கு முந்தைய லாபம், வட்டியைப் போல எத்தனை மடங்கு? இரண்டு மடங்குகூடத் தேறாவிட்டால் ஓய்வூதியப் பணத்தை அங்கே போடாதீர்கள். மகன் தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.