பந்தைத் தொடாதவருக்குப் பாராட்டு விழா

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் கால்பந்துக்காக இருபது வருடத்துக்கு மேல் உழைத்த ஒரு அக்கா இருக்கிறார். சம்பளம் கிடையாது. அணிக்குச் செயலாளர், மேலாளர், கணக்கு பார்ப்பவர் எல்லாம் அவர்தான். உடம்புக்கு முடியவில்லை, ஒதுங்கிக்கொள்கிறேன் என்கிறார். பாராட்டு விழா எடுக்கலாம் என்று கூடிப் பேசினோம். அங்கே ஒருவர், "அந்தம்மா ஒரு நாளாவது பந்தை உதைத்ததுண்டா? பாரம் எழுதியதற்கும் பஸ் ஏற்றிவிட்டதற்கும் விழாவா? கோச்சுக்கு மரியாதை செய்யுங்கள்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., பாலக்கோடு

அன்புள்ள க.,

விழா எடுங்கள். கோச்சுக்கும் மரியாதை செய்யுங்கள், அவரும் அதற்கு உரியவர்தான். ஆனால் அவர் சொல்லிக்கொடுக்க முதலில் பதினோரு பிள்ளைகள் வந்து நிற்க வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதுதான் கடினமான வேலை.

பாரம் என்று உங்கள் கூட்டத்தில் பேசியவர் லேசாகச் சொல்லிவிட்டார். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். சம்மதக் கடிதத்தில் யாரிடம் கையெழுத்து வாங்குவது? ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிப் பதிவேட்டில் வேறொரு தேதி. வயதுப் பிரிவுப் போட்டியில் அந்த ஒரு தேதியே பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் யாராவது நடக்க வேண்டும். சான்றிதழில் இனிஷியல் மாறியிருந்தால் இன்று ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தெரியும். அன்றைக்கு அந்தப் பெண் தேடி வருவது பழைய நோட்டை வைத்திருக்கும் செயலாளரைத்தான்.

பஸ் ஏற்றிவிடுவதும் அப்படித்தான். சேலத்தில் ஆட்டம் முடிந்து வரும்போது இருட்டிவிடும். பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பிள்ளையை அதன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டால்தான் அடுத்த ஆட்டத்துக்கு அனுப்புவார்கள். ஒருமுறை தவறினால் அந்த வீடு மட்டுமல்ல, அந்தத் தெருவே கதவை மூடிவிடும். சிறு வயதுத் திருமணத்துக்குப் பெயர் அடிபடும் மாவட்டங்கள் உங்களுடையவை. முழு ஆண்டு விடுமுறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற சேதி யார் காதுக்கு முதலில் போகும் என்று நினைக்கிறீர்கள்? கூட ஆடும் பிள்ளைகள் காதுக்கு. அவர்கள் வழியாக அந்த அக்கா காதுக்கு. அவர் போய்ப் பேசுவார். பேச்சு எடுபடாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்வார். இதையெல்லாம் எந்த ஸ்கோர்ஷீட்டில் எழுதுவது?

உங்கள் கூட்டத்தில் பேசியவருக்கு ஒரு பழைய செய்தி சொல்லுங்கள். 1967-இல் லண்டனில் பாட்ரீசியா கிரிகரி என்ற இளம்பெண், பெண்கள் ஏன் கால்பந்து ஆடுவதில்லை என்று கேட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அதைப் படித்த பெண்கள், உங்கள் அணியில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். அவரிடம் அணியே இல்லை. அதற்குப் பிறகுதான் தொடங்கினார். ஆட மைதானம் கேட்டால் கிடைக்கவில்லை. காரணம் ஒரு பழைய தடை. 1920 டிசம்பரில் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடை போட்டுவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த தடை அது. 1969-இல் 44 கிளப்புகள் சேர்ந்து பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது கிரிகரியும் அதில் இருந்தார். பல வருடங்கள் சம்பளமில்லாமல் அதன் செயலாளர் வேலையைப் பார்த்தார்.

1986-இல் மெக்சிகோவில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் எழுந்து, பெண்களுக்கும் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்ட நார்வேயின் எல்லன் வில்லேவும் நிர்வாகிதான். 1991-இல் சீனாவில் முதல் உலகக் கோப்பை நடந்தது. நம் நாட்டிலும் 1975-இல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துத்தான் ஆட்டத்தை வளர்த்தார்கள். 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பிடித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வென்றார்கள் என்றால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஊரில் யாரோ ஒருவர் பாரம் எழுதியிருக்கிறார்.

ஆனால் பொன்னாடையோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் ஒதுங்கிய மறுநாள் அந்த நோட்டு யார் கையில் இருக்கும்? எனக்கு இருக்கும் கவலை அதுதான். விழாவுக்கு முன்பே அவரிடம் ஆடிய பெண்களில் இரண்டு பேரை அவரோடு உட்கார வையுங்கள். எந்த வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் பாட்டியிடம் பேச வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவர்களுக்குப் பஸ் செலவுக்காவது மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். இருபது வருடம் கைக்காசு போட்டுச் செய்ய இன்னொருவரைத் தேடுவது நியாயமில்லை.

மேடையில் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் பேசட்டும். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், வெளியூர்ப் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும்.