மழை அலர்ட் வந்தாலே தூக்கம் போகிறது!

கேள்வி: எங்கள் வீடு முடிச்சூரில், தரைத்தளம். 2015 டிசம்பரில் ராத்திரி நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. டி.வி.யில் 'ரெட் அலர்ட்' என்று ஓடினால் அன்று முழுக்கப் போனும் கையுமாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "பயந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள். எப்படித்தான் இந்தப் பயத்திலிருந்து வெளியே வருவது?
- வாசகி, முடிச்சூர்

பதில்: பட்டறிந்த பயம் இது, சகோதரி. 'பயப்படாதீர்கள்' என்று சொன்னால் போய்விடாது, நானும் சொல்லப்போவதில்லை. எப்போது கிளம்புவது, யார் வீட்டுக்குப் போவது என்று இன்னும் உங்கள் வீட்டில் யாரும் பேசி முடிவு பண்ணவில்லை என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொரு மழைக்கும் அந்த முடிவை நீங்கள் ஒருத்தியாக, அதுவும் நடுராத்திரியில் எடுக்க வேண்டியிருக்கிறது. யாருக்குத்தான் தூக்கம் வரும்?

வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். வாசற்படியில் ஒரு படியைக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டும், அப்புறம் 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது. ரெட் அலர்ட் அன்று வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் இருந்தால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பொழுது சாய்வதற்குள் மாமியாரோடு மேடான பகுதியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கோ மாடி வீட்டுக்கோ போய்விடுங்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தண்ணீர் வராமல் மறுநாள் திரும்பி வந்தாலும் பரவாயில்லை, ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் உங்களுக்குப் பதறும். ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. உங்கள் பக்கம் ஏறுகிற தண்ணீர் பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வருவது. அந்தப் பக்கம் என்ன மழை என்று பாருங்கள். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். வானிலை மையம், மாவட்ட நிர்வாகம் இரண்டின் அறிவிப்பையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும், 'ஏரி உடைந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஆடியோவை யார் அனுப்பினாலும் கேட்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டுங்கள், மாமியார் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

இன்சுலின்தான் உங்கள் பெரிய கவலை. கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடுமே என்று நினைக்கிறீர்கள். உபயோகத்தில் இருக்கிற குப்பி பல வகைகளில் நாலு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில் தாங்கும், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத குப்பிக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை வைத்து, அதற்குள் மருந்தை ஜிப் கவரில் போட்டு, ஈரத் துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலின் உதவாது.

கிளம்பும்போது எடுத்துப்போக ஒரு பையைத் தயாராக வையுங்கள், அது சின்ன விஷயம்: ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல், பத்து நாள் மாத்திரை, ஊசி, டார்ச், பவர் பேங்க், பிஸ்கட். கொஞ்சம் சில்லறைப் பணமும் வையுங்கள், டவர் போனால் ஜி-பே வேலை செய்யாது. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். சுவிட்ச் போர்டு வரை தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் செய்தபிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம். அவ்வளவு தண்ணீரில் நடந்து வந்தவருக்கு அந்த உதவி கட்டாயம் கிடைக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வேளச்சேரியில் மூன்றாவது மாடி. எங்களுக்கு என்ன வெள்ளம் வரப்போகிறது?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வீட்டுக்குள் வராது, சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியிலேயே மாடி வீட்டுக்காரர்கள் பாலும் குடிநீரும் இல்லாமல் நாள் கணக்கில் தவித்தார்களே! கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, லிஃப்ட் நிற்கும், சம்பில் சாக்கடை கலந்திருந்தால் தொட்டித் தண்ணீரையும் நம்ப முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் கணக்கில் நாலைந்து நாளைக்குக் குடிநீர் பிடித்து வையுங்கள். காரை முதல் நாளே மேட்டுக்குக் கொண்டுபோங்கள், தண்ணீர் ஏறிய பிறகு அதை எடுக்க பேஸ்மென்ட்டுக்கு யாரும் இறங்கக் கூடாது, வாட்ச்மேனையும் அனுப்பாதீர்கள்.