மஞ்சள் ஜோடிக்குக் கறுப்புக் குட்டி ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். சுண்டெலி வளர்க்கிறேன். குட்டிகள் எல்லாம் மஞ்சளாகவே வரவேண்டும் என்று மஞ்சளை மஞ்சளோடுதான் சேர்க்கிறேன். மூன்று ஈற்றில் 17 குட்டிகள்: 11 மஞ்சள், 6 கறுப்பு. கறுப்பு ஜோடி எட்டு, ஒன்பது என்று போடுகிறது. மஞ்சள் ஆறைத் தாண்டுவதில்லை. மிச்சத்தைத் தாய் தின்றுவிடுகிறது என்கிறார் அம்மா. உண்மையா?

பதில்: தாய் எலி சில நேரம் குட்டியைத் தின்னும்தான். ஆனால் இங்கே அதன்மேல் பழி போடாதீர்கள் தம்பி. 11க்கு 6, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. பதில் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது.

உங்கள் மஞ்சள் எலி ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் மரபணுவும் ஒரு கறுப்பு மரபணுவும் உண்டு. மஞ்சள் ஓங்கி நிற்பதால் உடம்பு மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு கருவுக்கு மஞ்சள் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வரும். அந்தக் கரு வயிற்றுக்குள் ஆரம்பத்திலேயே அழிந்துவிடும். பிறக்காத குட்டியை யார் தின்பது? பிறப்பவை இரண்டு மஞ்சள், ஒரு கறுப்பு. இந்தக் கணக்கு பிரான்சில் கேனோ என்ற ஆய்வாளரையும் 1905 வாக்கில் குழப்பியது. கரு அழிவதுதான் காரணம் என்று அமெரிக்காவில் காசிலும் லிட்டிலும் 1910இல் விளக்கினார்கள்.

ஆகவே இந்த ரகத்தில் 'எல்லாம் மஞ்சள்' நடக்காது. இனி மஞ்சளைக் கறுப்போடு சேருங்கள். பாதிக்குப் பாதி மஞ்சள் வரும், கருவும் வீணாகாது. குட்டிக்கு ஒரு வாரம் ஆனால் நிறம் தெரிந்துவிடும். எல்லாமே மஞ்சளாக வேண்டுமென்றால், ஒடுங்கி நிற்கும், அதாவது இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், வேறொரு மஞ்சள் ரகம் இருக்கிறது. அந்த ஜோடிக்குக் கறுப்பு பிறக்காது. வாங்கும்போது பெற்றோரின் முந்தைய ஈற்றைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் மஞ்சள் ரகம் வயதாக ஆக நன்றாகக் கொழுக்கும், கொழுத்த பெட்டை சினை பிடிப்பது கஷ்டம். இளசாக இருக்கும்போதே ஈற்றை முடித்துக்கொள்ளுங்கள். சிங்க் கூரைக்கு நேர் கீழே கூண்டை வைக்காதீர்கள், மதிய வெக்கையை அவை தாங்காது. தோட்டத்து எலி கூண்டுத் தீவனத்துக்கு வராமலும் பாருங்கள், எலிக்காய்ச்சல் சின்ன விஷயமில்லை. (எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டும் செம்பனைக் காட்டில் நீங்கள் எலி வளர்க்கிறீர்கள், பேஷ்!)

அந்த 6 கறுப்பையும் தள்ளிவிடாதீர்கள். அவற்றில் இந்த மஞ்சள் ஒளிந்திருக்காது. வேறு வீட்டு மஞ்சளுக்கு நல்ல ஜோடி.