எல்எம்ஏஎன்1 புரதம் பழுதானால் இரத்தம் ஏன் சரியாக உறைவதில்லை?

"ஒரே மரபணுப் பழுதில் 5, 8 ஆகிய இரண்டு உறைதல் காரணிகளும் எப்படிக் குறைகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான இவ்விரு காரணிகளையும் உருவாக்கும் மரபணுக்கள் பழுதாவதில்லை. பழுது, உயிரணுவுக்குள் அவற்றைச் சுமந்து செல்லும் எல்எம்ஏஎன்1 என்ற வாகனத்தில்தான்.

உயிரணுவின் புரதத் தயாரிப்பு இடமான எண்டோபிளாச வலையில் உருவாகும் இப்புரதங்களின் மேல் மானோஸ் மிகுந்த சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். எல்எம்ஏஎன்1 கால்சியத்தின் உதவியோடு அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. எம்சிஎஃப்டி2 என்ற சிறு துணைப்புரதமும் கூடவே வருகிறது. சரக்கு, புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பை நோக்கிப் போகும் வழியில், அமிலத்தன்மை கூடிக் கால்சியம் குறையும் இடத்தில், பிடி தளர்கிறது. சரக்கை இறக்கிவிட்டு எல்எம்ஏஎன்1 அடுத்த சுமைக்குத் திரும்புகிறது. சூழலே ஏற்றவும் இறக்கவும் கட்டளையிடும் இந்த ஏற்பாடு என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

எல்எம்ஏஎன்1, எம்சிஎஃப்டி2 ஆகிய இரண்டில் எது பழுதானாலும் இரு காரணிகளின் அளவும் பெரும்பாலும் இயல்பில் 5 முதல் 30 சதவீதத்துக்குள் நின்றுவிடும். எல்எம்ஏஎன்1 தொடர்பு 1998இலும், எம்சிஎஃப்டி2 தொடர்பு 2003இலும் தெரியவந்தன. பல் பிடுங்கிய பின், அறுவையின்போது, மாதவிடாயில், பிரசவத்தில் இரத்தப்போக்கு நீளும்.

இந்தக் குறைபாட்டை, எட்டாம் காரணி மட்டும் குறையும் ஹீமோஃபீலியா ஏ என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பிடி (PT), ஏபிடிடி (aPTT) என்ற இரு சோதனைகளில், ஹீமோஃபீலியாவில் ஏபிடிடி மட்டுமே நீளும். இதில் பிடி, ஏபிடிடி இரண்டும் நீளும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வரவேண்டும் என்பதால், நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம், ஆண் பெண் வேறுபாடின்றி, இது கூடுதலாகக் காணப்படுகிறது. எட்டாம் காரணியை மட்டும் ஏற்றினால் போதாது. ஐந்தாம் காரணிக்காக உறைநிலைப் பிளாஸ்மாவும் தேவைப்படும்.