ஊருணியில் பறவை இறங்கினால் தண்ணீர் கெடுமா?

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடிதண்ணீர் ஊருணிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊருணிக் கரை மரங்களில் மார்கழி தொடங்கி கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாக அடைகின்றன. எச்சம் விழுந்த தண்ணீரை எப்படிக் குடிப்பது, வெடி போட்டு விரட்டிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார்கள். விரட்டினால் தண்ணீர் சுத்தமாகுமா?
— கமுதி வட்டத்து வாசகர்

ஆகாது. கொக்கு போனாலும் ஆடு, மாடு, நாய் இருக்கும். முதல் மழையில் வரத்துக்கால் அடித்துக்கொண்டு வரும் மனிதக் கழிவும் இருக்கும். டைபாய்டு, காலரா, மஞ்சள்காமாலையெல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. பறவை எச்சத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திறந்து கிடக்கும் தண்ணீரைப் பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வடிகட்டி, குளோரின் போட்டுத்தான் குடிக்க வேண்டும். அந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் எச்சத்துக் கிருமிக்கும் சேர்த்தே வேலை முடிந்துவிடும்.

வெடி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தாய்ப்பறவை கூட்டை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில் காக்கை முட்டையைக் கொத்திவிடும். மிரண்ட குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து அழுகும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

எச்சத்தால் வரும் உண்மையான தொல்லை வேறு. அது உரம். வேடந்தாங்கலில் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்றுதான் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்கான உரிமையை அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். வயலுக்கு ஆகும் உரம் குடிதண்ணீருக்கு ஆகாது. பங்குனி, சித்திரையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். தண்ணீர் குறையக் குறைய உரம் செறிந்து, பச்சைப் பெயின்டை ஊற்றியதுபோல் ஓர் ஏடு படரும். அந்த ஏடு ஒதுங்கிய பக்கத்திலிருந்து தண்ணீர் எடுக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். அதில் சில வகைப் பாசிகள் நஞ்சு வைத்திருக்கும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. மயில்துத்தம் போட்டால் பாசி செத்து வெடித்து, உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். மீனும் சாகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தண்ணீர் எடுக்கும் குழாய்வாய் பறவை அடையும் மரங்களுக்கு எதிர்க்கரையில் இருக்கட்டும். மேல்மட்டத்திலிருந்து இரண்டடிக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடிக்கு மேலே தண்ணீர் எடுங்கள். குழாய்வாயைச் சுற்றி மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டால் ஏடு உள்ளே வராது.

ஊருணிக் கரையில் மணல் வடிகட்டித் தொட்டி கட்டினோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது சொட்டுகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு மணலைக் கழுவினோம். தண்ணீர் வேகமாக வருகிறது, ஆனால் கிருமி இருந்தால் கறுக்கும் பரிசோதனைப் பாட்டில் கறுத்துவிட்டது. எங்கே தப்பு?
— திருவாடானைப் பக்கத்து ஊராட்சி வாசகி

பிளீச்சிங் பவுடரில்தான் தப்பு. இந்த வகைத் தொட்டியில் மணலை விட மணலின் மேற்பரப்பில் வளரும் வழவழப்பான தோல்தான் அதிகம் வடிகட்டுகிறது. அது உயிருள்ள தோல். அதிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் கிருமியைத் தின்கின்றன. நீங்கள் அதைக் கொன்றுவிட்டீர்கள். அதனால் தண்ணீர் வேகமாக வருகிறது, கிருமியோடு வருகிறது. குளோரின் எப்போதும் வடிகட்டிக்கு அப்புறம்தான், முன்னால் கூடாது.

சொட்டும்போது செய்ய வேண்டியது: தண்ணீர்மட்டத்தை மணலுக்கு ஒரு சாண் கீழே இறக்குங்கள். தட்டையான கரண்டியால் மேல் மணலை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுங்கள். கிளறக் கூடாது. கிளறினால் அழுக்கு அடிவரை இறங்கி, மொத்த மணலையும் மாற்ற வேண்டி வரும். பிறகு கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் மணலுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். முதல் சில நாள் வரும் தண்ணீரை ஊருணிக்கே திருப்பிவிடுங்கள். தோல் மறுபடி பிடிக்க அவ்வளவு அவகாசம் வேண்டும். உங்கள் தொட்டியில் தோல் முழுக்கச் செத்துவிட்டதால் இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். சுரண்டிச் சுரண்டி மணல் இரண்டடிக்கு வந்துவிட்டால் புது மணல் போட வேண்டும்.

அளவும் முக்கியம். ஒரு சதுர மீட்டர் மணல்பரப்பில் மணிக்கு 100 லிட்டர், அதாவது நாள் முழுக்க ஓடினால் 2,400 லிட்டர்தான் எடுக்கலாம். 800 பேருக்கு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்று வைத்தால் 8,000 லிட்டர். அதற்கு மூன்றரைச் சதுர மீட்டர் வேண்டும். இரவில் வால்வை மூடுகிறீர்களா? மூடாதீர்கள். ஓட்டம் நின்றால் தோலுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, காலையில் நாற்றமடிக்கும். முதல் மழைச் செந்தண்ணீரையும் நேராக வடிகட்டிக்கு விடாதீர்கள். இரண்டே நாளில் அடைத்துவிடும். கலங்கல் தெளியும்வரை பொறுங்கள்.

30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? எங்கள் டேங்க் ஆபரேட்டர் கைப்பிடிக் கணக்கில் போடுகிறார்.
— இளையான்குடி வாசகர்

லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் 30,000 லிட்டருக்கு 60 கிராம் குளோரின். மூட்டையில் 33 சதவீதம் என்று போட்டிருந்தால் 180 கிராம் பவுடர். பிரித்து வைத்த மூட்டை வீரியம் இழந்து 25 சதவீதத்துக்கு வந்திருந்தால் 240 கிராம். அதனால்தான் கைப்பிடிக் கணக்கு உதவாது. மூட்டையை மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில், ஈரம் படாமல் வையுங்கள்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் தெருக்குழாயைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் காட்ட வேண்டும். தொட்டியடியில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை தொட்டி மேல் ஏறி மூடியைப் பாருங்கள். பல ஊர்களில் ஊருணிக் கொக்கைத் திட்டுவார்கள், தொட்டிக்குள் புறா கூடுகட்டியிருக்கும். தொட்டிக்குள் விழும் எச்சத்தை வடிகட்ட அதற்கப்புறம் எதுவும் இல்லை. ஆள் இறங்கும் துளைக்கு விளிம்பு மடிந்த மூடி, காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் துருப்பிடிக்காத கொசுவலை. சில நூறு ரூபாய் வேலைதான்.

ஊருணியை ஆழப்படுத்த இயந்திரம் வரப்போகிறது. எவ்வளவு ஆழம் தோண்டலாம்? உள்ளே நிற்கும் கருவேல மரங்களை எடுத்துவிடலாமா?
— முதுகுளத்தூர் வாசகர்

ஆழத்துக்குப் பொதுக் கணக்கு கிடையாது, மண்தான் சொல்லும். இயந்திரம் இறங்குமுன் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் சோதனைக் குழி போடுங்கள். மேலே கறுத்த வண்டல், அதற்குக் கீழே பிசைந்தால் கையில் ஒட்டி உருண்டையாக நிற்கும் களி, அதற்கும் கீழே மணல் என்று வரும். வண்டலை மட்டும் எடுங்கள், களியில் கைவைக்காதீர்கள். குறைந்தது இரண்டடிக் களி அடியில் நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பு. களியைக் கிழித்தால் ஒன்று மழைத்தண்ணீர் கீழே போகும், இல்லையென்றால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். இரண்டடி கூடுதலாகத் தோண்டி ஊருணியையே இழந்த ஊர்கள் உண்டு. கரைச் சரிவு ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் இருக்கட்டும். ஒரு பக்கம் அதைவிடச் சாய்வாக விடுங்கள். உள்ளான், மடையான் போன்ற பறவைகள் தம் கால் நனையும் ஆழத்தில் மேய்பவை, செங்குத்துக் கரை அவற்றுக்கு ஆகாது.

மரத்தில் இரண்டு சாதியைப் பிரித்துப் பாருங்கள். நீரில் நிற்கும் நாட்டுக் கருவேலம் இருக்கட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் தாங்கும், முள்ளால் கூட்டுக்குக் காவல். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் கூடுகள் பெரும்பாலும் இந்த மரத்தில்தான். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கலாம், ஆனால் அதிலும் கூடு இருந்தால் குஞ்சு பறந்து போகும்வரை காத்திருங்கள். இங்கே வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கூடு கட்டி, சித்திரை வாக்கில் முடிப்பவை அதிகம். வைகாசியில் இயந்திரம் இறக்கினால் இரண்டு வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

வாத்துக் குஞ்சு மாதிரி ஒன்று, பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூழ்கிவிடுகிறது. வேறெங்கோ எழுகிறது. என்ன பறவை?
— பள்ளி மாணவி, தேவகோட்டை

முக்குளிப்பான். வால் இல்லாததுபோல் உருண்டையாக இருக்கும், அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்மஞ்சள் பொட்டு. பாசியையும் தண்டையும் குவித்து மிதக்கும் கூடு கட்டும். கூட்டைவிட்டு இறங்கும்போது நாலைந்து இழை பாசியை இழுத்து முட்டை மேல் மூடிவிட்டுப் போகும், வெறும் குப்பை என்றுதான் நமக்குத் தோன்றும். குஞ்சுகள் தாயின் முதுகில் சவாரி செய்யும். அதே ஊருணியில் கருப்பாக, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதுபோல் இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவப்பாக இருந்தால் தாழைக்கோழி.

கோடையில் நாலைந்து பறவைகள் செத்து மிதந்தன. தண்ணீரைக் குடிக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

முதலில் விநியோகத்தை நிறுத்துங்கள். ஒரே நாளில் பல செத்திருந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று பார்க்க மாதிரி போபாலில் உள்ள ஆய்வகம்வரை போகும். அந்த வைரஸ் முறையான குளோரினுக்கும் கொதிநீருக்கும் தாங்காது. ஆனால் செத்த பறவையைத் தூக்கும் கைக்கு ஆபத்து. கழுத்து துவண்டு, இறக்கை தூக்க முடியாமல் கிடந்தால், வெயிலில் சேறு அழுகி உண்டாகும் நஞ்சாக இருக்கலாம். செத்த பறவையில் புழு வைக்கும், அந்தப் புழுவைத் தின்ற பறவையும் சாகும். அதனால் உடல்களை அன்றன்றே அகற்றியாக வேண்டும். கரையில் நெல்லோ சோளமோ சிதறிக் கிடந்தால் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். அப்போது காவல் நிலையத்துக்கும் போங்கள். கொக்குப் பிடிப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தண்ணீர் ஆய்வக முடிவு வரும்வரை லாரித் தண்ணீர்தான்.

குடிதண்ணீர் ஊருணியில் மீன் ஏலம் விடலாமா?
— அறந்தாங்கி வாசகர்

வேண்டாம். ஏலம் எடுத்தவர் சாணியும் கோழிக்கழிவும் கொட்டாமல் இருக்க மாட்டார். தானாக வரும் கெண்டையும் கெளுத்தியும் நீர்க்காகத்துக்குப் போதும்.